கண்டதை ஏன் ஊருக்குச் சொல்கிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் தாங்கள் கண்டறிந்ததை எதற்காகப் பிறருக்குச் சொல்கிறார்கள், எதற்காகச் சில சமயம் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்று பல தரப்பினரும் கேட்டிருக்கிறார்கள். நான் வேதியியல் கற்பித்தும் மாணவர்களின் ஆய்வுக்கு நெறியாளராக இருந்தும் ஓய்வு பெற்றவன். எனவே இந்தக் கேள்விகள் சிலவற்றில் நானும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் மகள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். இரண்டு வருடம் உழைத்து எழுதிய கட்டுரைக்கு இதழ்க்காரர்கள் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. இன்னொரு இதழ் அவளிடமே பணம் கேட்டது. நான் ஜவுளி வியாபாரம் செய்கிறவன். சரக்கையும் கொடுத்துக் காசையும் கொடுப்பது எந்த ஊர் வியாபாரம்?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: உங்கள் கணக்கில் பிழை இல்லை, சரக்குதான் வேறு. நீங்கள் ஒரு வேட்டியை விற்றால் அது உங்கள் கையை விட்டுப் போய்விடும். ஆய்வு முடிவின் நிலை இதற்கு நேர்மாறானது. யாரிடமும் சொல்லாமல் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வரை அது உங்களுடையது என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. ஊர் அறியக் கொடுத்த பிறகுதான் அது உங்கள் பேரில் பதிவாகிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1942-ல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். அறிவியலில் ஒருவருக்கு உள்ள சொத்துரிமை என்பது, 'இதைச் சொன்னவர் இவர்' என்று பிறர் ஒப்புக்கொண்டு தரும் மரியாதை மட்டுமே என்றார் அவர்.

இந்த ஏற்பாடு இயல்பாக அமைந்துவிடவில்லை. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கணித வல்லுநர்கள் பொது இடத்தில் ஒருவருக்கொருவர் கணக்குப் போட்டுச் சவால் விட்டு, வென்று, அதனால் வேலையும் பெயரும் பெற்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் புதிய சூத்திரம் ஒன்று தெரிந்தவர் அதை வெளியே சொல்வாரா? முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைக் கண்டுபிடித்த டார்ட்டாலியா அதை மறைத்தே வைத்திருந்தார். 1539-ல், யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கார்டானோ என்பவருக்குச் சொன்னார். டார்ட்டாலியாவுக்கு முன்பே வேறொருவரும் அதே வழியைக் கண்டிருந்தார் என்று பின்னர் தெரியவந்ததும், 1545-ல் கார்டானோ அதைத் தம் நூலில் அச்சிட்டுவிட்டார். டார்ட்டாலியாவின் பெயரையும் அதில் குறிப்பிடத்தான் செய்தார். ஆனால் இன்றும் அந்தச் சூத்திரத்துக்குப் புத்தகங்களில் வழங்கும் பெயர் கார்டானோவுடையது. பூட்டி வைத்தவருக்குக் கோபம்தான் மிஞ்சியது.

அடுத்த நூற்றாண்டிலும் இந்தப் பயம் போகவில்லை. சுருள்வில் எவ்வளவு நீளும் என்பதற்கான விதியைக் கண்ட ராபர்ட் ஹூக், 1676-ல் அதை ஒரு லத்தீன் வாக்கியமாக எழுதி, அதன் எழுத்துகளை அகரவரிசையில் கலைத்துப் போட்டு வெளியிட்டார். வேறு யாராவது அதே விதியைக் கண்டுபிடித்துவிட்டால், 'நான் முன்பே சொல்லிவிட்டேன்' என்று அந்த எழுத்துக் குவியலைக் காட்டலாம். அதுவரை யாருக்கும் ஒன்றும் புரியாது. இரண்டு ஆண்டு கழித்து 1678-ல்தான் விடையைச் சொன்னார். சொல்லவும் வேண்டும், சொல்லாமலும் இருக்க வேண்டும் என்ற தவிப்பை இதைவிட அழகாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்தத் தவிப்புக்கு மெல்ல மெல்ல வழி திறந்தது, அதற்கு முன்பே 1665-ல் லண்டனில் தொடங்கியிருந்த ஓர் இதழ். ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க் அதைத் தம் சொந்தப் பொறுப்பில் நடத்தினார். கண்டதை எழுதி அனுப்புங்கள், யார் எப்போது சொன்னார் என்பது அச்சில் நிற்கும் என்பதுதான் அதன் உள்ளுறையான ஒப்பந்தம். பகிர்ந்தவருக்கு முதலுரிமை உண்டு என்ற வழக்கம் வேரூன்றிய பிறகு, மறைப்பது நஷ்டம் என்று ஆகிவிட்டது.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் பாருங்கள். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் தம் புகழ்பெற்ற ஒளிச்சிதறலைக் கண்டார். மார்ச் 16-ல் பெங்களூரில் அதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதை, 1926-ல் தாமே தொடங்கியிருந்த இந்திய இயற்பியல் இதழில் உடனே அச்சிட வைத்து, படிகளை வெளிநாட்டு இயற்பியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் என்ற இருவர் அதே விளைவைப் படிகங்களில் பிப்ரவரி 21-லேயே பார்த்துவிட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் கட்டுரை வெளிவரச் சில மாதங்கள் ஆயின. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே வந்தது. அந்தத் தபால் கட்டுகளில் இருந்தது தாராள மனமா, முந்திக்கொள்ளும் அவசரமா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். ஆய்வுலகம் இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் முறுக்கி வைத்திருக்கிறது.

ஆக, உங்கள் மகளுக்குச் சம்பளமோ உதவித்தொகையோ தருவது பல்கலைக்கழகம். இதழ் தருவது பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் நாளை வேலையும் நிதியும் வரும். பணம் கேட்கும் இதழ்களைப் பொறுத்தவரை, வாசகரிடம் சந்தா வாங்காமல் எழுதுகிறவரிடம் செலவை வாங்கும் முறையான இதழ்களும் உண்டு, காசு வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் போடுகிற கள்ள இதழ்களும் உண்டு. மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு நான்காம் நாள் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினால், அது எந்த வகை என்று வியாபாரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பெயருக்காகத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள் என்றால், ரஷ்யக் கணிதவியலாளர் பெரெல்மான் பரிசுகளை ஏன் மறுத்தார்?
– கணிதத் துறை மாணவர், காரைக்குடி

பதில்: நல்ல மடக்குக் கேள்வி. நூறு ஆண்டு நிலுவையில் இருந்த புவான்காரே கணிப்புக்கான நிறுவலை கிரிகோரி பெரெல்மான் எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய 'ஆர்க்சைவ்' என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் 2002, 2003 ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளாக ஏற்றினார். அதோடு தம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும், 2010-ல் பத்து லட்சம் டாலர் பரிசையும் வேண்டாம் என்றார்.

ஆனால் இரண்டாவதை மறுத்ததற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அந்த நிறுவலுக்கு வழி போட்டுக் கொடுத்த அமெரிக்கர் ரிச்சர்ட் ஹாமில்டனின் பங்கு தம் பங்கைவிடக் குறைந்ததல்ல, கணிதச் சமூகத்தின் முடிவுகள் நியாயமில்லை என்றார். பணம் வேண்டாம் என்ற அந்த மனிதருக்கும், யார் எதைச் செய்தார் என்ற கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பது முக்கியமாக இருந்தது. புகழாசை வேறு, உரியவருக்கு உரியது சேர வேண்டும் என்ற கண்டிப்பு வேறு.

கேள்வி: ஒரு கட்டுரையின் அடியில் 'தரவு வேண்டுவோர் ஆசிரியரைத் தொடர்பு கொள்ளலாம்' என்று இருந்தது. மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. என் நெறியாளரோ, கட்டுரை வெளிவரும் வரை என் தரவை யாருக்கும் காட்டக் கூடாது என்கிறார். வாங்குவதில் ஒரு நியாயம், கொடுப்பதில் ஒரு நியாயமா, ஐயா?
– முனைவர் பட்ட ஆய்வாளர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் ஓர் ஆறுதல்: பதில் வராதது உங்களுக்கு மட்டுமல்ல. கேட்டால் தருகிறோம் என்று கட்டுரையிலேயே எழுதியிருந்த 1,792 பேரிடம் உண்மையிலேயே கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. தரவைக் கொடுத்தவர்கள் 122 பேர், அதாவது நூற்றுக்கு ஏழுக்கும் கீழே. மற்றவர்கள் மறுத்தார்கள் அல்லது வாயே திறக்கவில்லை.

எல்லோரும் வஞ்சகர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தரவைச் சேகரிப்பதற்கு மூன்று ஆண்டு ஆகும். அதைப் பிறருக்குப் புரியும்படி ஒழுங்குபடுத்தித் தருவதற்கு மேலும் மூன்று வாரம் ஆகும். எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது, எந்த நாள் கருவி பழுதாக இருந்தது, கணினியில் 'இறுதி', 'இறுதி-2', 'உண்மையான இறுதி' என்று இருக்கும் மூன்று கோப்புகளில் எது சரியானது என்பதை எல்லாம் எழுத வேண்டும். இந்த மூன்று வார உழைப்புக்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை. அதோடு, நம் தரவிலிருந்தே நமக்கு முன்பாக இன்னொருவர் கட்டுரை போட்டுவிடுவாரோ என்ற அச்சமும், நம் பிழையை யாராவது கண்டுபிடித்துவிடுவாரோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டாவதைப் பற்றி ஆய்வாளர்கள் வெளியே பேசுவதில்லை. என் அனுபவத்தில் அதுதான் பெரிது.

இந்த நிலைமையை மாற்றிக் காட்டிய துறை மரபணுவியல். 1996 பிப்ரவரியில் பெர்முடா தீவில் கூடிய மனித மரபணுத் திட்டத்தினர், ஆயிரம் எழுத்துக்கு மேற்பட்ட எந்த டி.என்.ஏ. வரிசையையும் இயன்றால் 24 மணி நேரத்துக்குள் பொதுவில் இட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதை முன்னின்று வலியுறுத்திய ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் அதற்கு முன் மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு நூற்புழுவை ஆராய்ந்து வந்தவர்கள். அந்தப் புழுவை ஆராய்ந்தவர்கள் ஆரம்பத்தில் ஒரு சிறு கூட்டம். ஒருவரையொருவர் முகம் தெரியும். அச்சுக்குப் போகாத முடிவுகளைக்கூட ஒரு சுற்றிதழில் எழுதி அனுப்பிக்கொள்வது அவர்களுக்குள் 1970-களிலிருந்தே வழக்கம். பத்து வீடுள்ள தெருவில் மோர் வாங்கியவர் மறுநாள் கறிவேப்பிலையாவது கொடுக்காமல் இருக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடுதான் அங்கே வேலை செய்தது. தெரு பெரிதாகும்போது அது தானாக நடக்காது. பெர்முடாவில் செய்தது போல எழுதி வைத்து, நிதி தருகிறவர்களும் அதைக் கேட்க வேண்டும்.

சில நேரங்களில் இந்தக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒருவர் ஒதுக்கி வைத்துவிடுவதும் உண்டு. 2020 ஜனவரி 11 அன்று ஷாங்காயில் பணியாற்றிய ஜாங் யோங்ஜென், புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையை சிட்னியில் இருந்த எட்வர்ட் ஹோம்ஸ் வழியாக உலகுக்கு வெளியிட அனுமதித்தார். அனுமதிக்க வேண்டிய அதிகாரிகளின் உத்தரவு அதற்கு இல்லை. மறுநாளே அவருடைய ஆய்வகம் 'சீர்திருத்தத்துக்காக' மூடப்பட்டது. தடுப்பூசி வேலைகள் தொடங்கியது அந்த வரிசையை வைத்துத்தான்.

உங்கள் நெறியாளர் சொல்வதை நான் குறை கூற மாட்டேன். கட்டுரை வெளிவரும் வரை காத்திருப்பது ஆய்வு மாணவருக்குத் தற்காப்பு; உங்கள் பட்டமே அதில் இருக்கிறது. கட்டுரை வெளிவந்த நாளன்றே தரவையும் களஞ்சியத்தில் இடுவோம் என்று அவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் காட்டக் கூடாது என்றால் அதற்குத் தற்காப்பு என்று பெயரில்லை.

கேள்வி: பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை கட்டாயம் என்று ஆன பிறகு பகிர்வு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: அச்சிட்ட தாள் கூடியிருக்கிறது. பகிர்வு கூடியதா என்பது வேறு கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் ஆசிரியர்களின் பணியை அளக்க ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. 2018 விதிமுறைகளில் அது திருத்தப்பட்டு, அறிவியல் துறையில் ஒரு கட்டுரைக்கு 8 மதிப்பெண், மொழி மற்றும் கலைத் துறைகளில் 10 மதிப்பெண் என்று அட்டவணை வந்தது. இருவர் சேர்ந்து எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு. அதற்கு மேற்பட்டோர் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30 விழுக்காடு என்று பங்குப் பிரிவினையும் உண்டு. இந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த ஒரு துறையை நானே பார்த்திருக்கிறேன். எங்கே தேவை பிறக்கிறதோ அங்கே கடை திறக்கும். காசுக்குக் கட்டுரை போடும் இதழ்கள் முளைத்தன. அவற்றை வடிகட்ட மானியக் குழு 'கேர்' பட்டியல் என்ற ஒன்றை ஏற்படுத்தியது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையும் கைவிடுவதாக அறிவித்து, நிறுவனங்களே இதழின் தரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் 2022 விதிமுறைகளிலேயே நீங்கியது. இது நல்ல முடிவு என்பது என் கருத்து.

மதிப்பெண்ணே தீமை என்று சொல்ல வரவில்லை. அந்த அட்டவணையில் இல்லாதவற்றைப் பாருங்கள். தரவைப் பொதுவில் இட்டால் அதற்கென்று ஒரு வரி கிடையாது. தோல்வியுற்ற சோதனையை எழுதி, 'இந்த வழியில் போகாதீர்கள்' என்று பலகை வைத்தால் அதற்கு இல்லை. வேறு கல்லூரி மாணவர் ஒருவர் வந்து கேட்கும்போது அரை நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் அதற்கும் இல்லை. எண்ணப்படுவது வளர்கிறது, எண்ணப்படாதது, யாரோ ஒருவரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி நிற்கிறது. நல்ல குணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அதற்கும் மாலை ஐந்தரை மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஒரு வெளிநாட்டுக் கட்டுரையில் உள்ளபடியே செய்தும் எனக்கு முடிவு வரவில்லை. வேண்டுமென்றே எதையாவது மறைத்து எழுதுகிறார்களா?
– வேதியியல் ஆய்வு மாணவி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது நாற்பது ஆண்டுக்கு முந்தைய என் முகத்தையே பார்த்தது போல இருந்தது.

அப்போது நானும் ஆய்வு மாணவன். ஓர் ஐரோப்பியக் கட்டுரையை வைத்துக்கொண்டு ஒரு சேர்மத்தைத் தயாரிக்க முயன்றேன். 'அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரம் கலக்கவும். வெள்ளைப் படிகம் கிடைக்கும்' என்று இருந்தது. எனக்குக் கிடைத்தது குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்ட, வெல்லப்பாகு போன்ற கரும்பசை. ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் பாகு. அந்தக் காலத்தில் கட்டுரைப் படி வேண்டும் என்றால், அதற்கென்றே அச்சடித்த தபால் அட்டை ஒன்றில் தலைப்பை நிரப்பி ஆசிரியருக்கு அனுப்புவோம். இதழ் தனக்குக் கொடுத்த இலவசப் படிகளில் ஒன்றை அவர் அனுப்பி வைப்பார். அப்படி ஓர் அட்டையின் ஓரத்தில், பொடி எழுத்தில், 'ஐயா, எனக்குப் பாகுதான் வருகிறது' என்று எழுதிப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து உறை வந்தது. கட்டுரைப் படியோடு கையால் எழுதிய இரண்டு பக்கம். முதல் வரியே ஒரு கேள்வி: 'உங்கள் அறையின் வெப்பநிலை என்ன?' அவருடைய அறை 18 டிகிரி. என்னுடையது மே மாதத்துச் சென்னை, மின்விசிறி சுழன்றும் 36 டிகிரி. அதோடு, கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், குடுவையின் சுவரைக் கண்ணாடிக் கோலால் ஒரு முறை சுரண்டினால் படிகம் பிடிக்கும் என்றும் எழுதியிருந்தார். ஐஸ் பெட்டிக்குள் குடுவையை வைத்து, கோலால் சுரண்டினேன். வெள்ளையாக ஒரு புகைபோல எழும்பி, அடியில் படிந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. தம் அறையை எல்லோருடைய அறை என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

இதைப் பிரிட்டனைச் சேர்ந்த ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் முறைப்படி ஆராய்ந்திருக்கிறார். கனடாவில் உருவான ஒரு வகை லேசரை 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டன் ஆய்வகங்கள் தாங்களும் செய்து பார்த்தன. அச்சில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யும் லேசரைக் கட்டியவர் ஒருவர்கூட இல்லை என்று 1974-ல் அவர் எழுதினார். ஏற்கெனவே கட்டி முடித்த ஒருவரோடு பேசியவர்களுக்கோ, அவரிடம் போய் வந்தவர்களுக்கோதான் கைகூடியது. மின்தேக்கியிலிருந்து வரும் கம்பி குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் போகக் கூடாது என்பது போன்ற விஷயங்கள், செய்தவருக்கே தமக்குத் தெரியும் என்று தெரியாமல் கையில் இருந்தன. கைப்பக்குவம் என்று நம் வீட்டுச் சமையலறையில் சொல்வதுதான். பாட்டி உப்பு எவ்வளவு என்று கேட்டால் 'தேவையான அளவு' என்பாள், பொய் சொல்வதாக நாம் நினைப்பதில்லை.

ஆனால் உங்கள் சந்தேகத்திலும் பாதி உண்மை உண்டு. அதே ஆய்வில் ஒரு விஞ்ஞானி, தான் சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் முழு உண்மையையும் சொன்னதில்லை என்ற பொருளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, கேட்கத் தெரியாததைச் சொல்லாமல் விடுவது போட்டியாளர்களிடையே பழைய வித்தை.

ஆகவே எழுதிக் கேளுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று எழுதாமல், என்ன செய்தீர்கள், என்ன நிறம் வந்தது, அறை எவ்வளவு சூடு என்று எழுதுங்கள். தம் வேலையை ஒருவர் உண்மையாகவே செய்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தால், பெரும்பாலான ஆசிரியர்களுக்கு வரும் மகிழ்ச்சி வேறு எந்தப் பாராட்டிலும் வருவதில்லை. எனக்கு எழுதிய அந்தப் பெரியவருக்கு அந்த இரண்டு பக்கத்தால் ஒரு மதிப்பெண்ணும் கிடைத்திருக்காது.

கேள்வி: எங்கள் வயலுக்கு வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து நின்று விளக்குகிறார்கள். மற்றப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கண்டதைத் தமிழில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏன் சொல்வதில்லை? மனமில்லையா?
– நெல் விவசாயி, கும்பகோணம் அருகிலிருந்து

பதில்: மனத்தில் வேளாண் பேராசிரியருக்கும் இயற்பியல் பேராசிரியருக்கும் அப்படி ஒன்றும் வித்தியாசம் இருக்காது. வேளாண்மையில் கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்ற மூன்றும் பணியின் பகுதிகள். உழவரிடம் கொண்டு சேர்ப்பதற்கென்றே பதவிகளும் நிலையங்களும் உண்டு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியபோது அதை நடத்தியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான். வயலுக்கு வருவது அவர்களுக்குப் பரோபகாரம் மட்டுமல்ல, வருகைப் பதிவேட்டில் ஏறும் வேலை. மற்றத் துறைகளில் தமிழில் ஒரு விளக்கக் கட்டுரை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் பணியில் இருந்தபோது பொதுமக்களுக்காகத் தமிழில் எழுதியவற்றைத் தன்மதிப்பீட்டுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று எழுத்தரிடம் கேட்டேன். 'பிற' என்ற கட்டத்தைக் காட்டினார்.

இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்திருப்பது கொஞ்சமல்ல. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தபோது, அதன் முதன்மை ஆசிரியர் பெ. தூரன் கேட்டுக்கொண்டதற்காகப் பல துறை வல்லுநர்கள் தத்தம் துறையைத் தமிழில் எழுதினார்கள். கலைச்சொல் இல்லாத இடத்தில் சொல்லையும் தேடினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதைத் தொடங்கி நடத்திவரும் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர். ஒளிவேதியியல் அவருடைய வேலை. திருக்குறளைத் தட்டச்சு செய்து ஏற்றுவதற்கு எந்தப் பதவி உயர்வும் இல்லை. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு அவரோடு சேர்ந்தார்கள்.

இத்தகையோரைக் கண்டு வியப்பதோடு நிறுத்திவிட்டால், மற்றவர்களைக் குற்றம் சொல்வதில்தான் போய் முடியும். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரி முதல்வரிடம் போய், மாதம் ஒரு முறை உங்கள் சங்கக் கட்டடத்தில் வந்து பேச ஒரு பேராசிரியரை அனுப்புங்கள், அதைப் பணி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்து மூலம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வேண்டுகோளை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தாவரவியலில் முப்பது ஆண்டாகச் சேர்த்த களக் குறிப்பேடுகள் பதினேழு என்னிடம் உள்ளன. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். கட்டுரையாக்காதது பாதிக்கு மேல் இருக்கிறது. இனி யாருக்கு அது வேண்டும் என்றும் தோன்றுகிறது, கொடுத்துவிடவும் மனம் வரவில்லை.
– இணைப் பேராசிரியர், சேலம்

பதில்: மனம் வராதது இயல்பு. 'ஒரு நாள் எழுதுவேன்' என்ற எண்ணம் அந்தப் பதினேழு குறிப்பேடுகளில் இருக்கிறது. கொடுப்பது என்றால் அந்த நாள் வராது என்று ஒப்புக்கொள்வது. ஆனால் ஒரு மலையில் 1990-களில் எந்தச் செடி எந்த மாதத்தில் பூத்தது என்பதை இனி யாராலும் திரும்பப் போய்ப் பார்க்க முடியாது. உங்கள் வேதனையைவிட அது பெரிய விஷயம்.

முதலில் உங்கள் மாணவர்களில் ஒருவரை அழைத்து, எழுத எண்ணியிருந்த இரண்டு அல்லது மூன்று கட்டுரைகளைப் பொறுக்கி எடுத்து, அவரையும் ஆசிரியராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதியை ஸ்கேன் செய்து, மூலத்தை ஒரு தாவர உலர்மாதிரியகத்தில் ஒப்படையுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தென் வட்டாரத்திலும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்மாதிரியகத்திலும் இத்தகைய பொருளின் அருமை தெரிந்தவர்கள் இருப்பார்கள்; நேரில் போய்ப் பேசுங்கள். கொடுப்பதற்கு முன், நீங்கள் மட்டுமே அறிந்த சுருக்கக் குறிகளுக்கு ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி முதல் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். 'பெ. பாறை', 'மாரியம்மன் திருப்பம்' என்று எழுதியிருந்தால் அந்த இடங்களை வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். தவறாக இனங்கண்டு பிறகு அடித்துத் திருத்திய இடங்களை வெள்ளை மை பூசி மறைக்க வேண்டாம். அடித்தது அடித்தபடியே இருக்கட்டும்.